புறம்போக்குக்குக் காவல் இருந்த தாசில்தார்

யாருமே குடியிருக்காத இடத்துக்கு ராப்பகலாகக் காவல் காத்த மனிதர், தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எங்கள் தாசில்தார் ஒருவர்தான். நிஜத் தாசில்தார் இல்லை. கீழவாசலில், பிரவுசிங் சென்டருக்கு மேல்மாடியில் இருந்த சின்ன இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க் பார்த்தவர். நான் அவருக்கு அசிஸ்டென்ட்.

உலகத்தில் இன்டர்நெட்டில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் விலாசம் உண்டு. யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைத்த விலாசங்களும் கட்டுக்கட்டாக உண்டு. தாசில்தார் அவற்றைப் புறம்போக்கு என்பார். அங்கிருந்து எது வந்தாலும் திருட்டுச் சரக்கு என்று வாசலிலேயே மறித்துவிடுவார். திங்கட்கிழமைதோறும் எந்தப் புறம்போக்குக்குப் புதிதாகப் பட்டா கிடைத்தது என்று பார்த்து, லிஸ்டில் அந்த வரியை மட்டும் அழிப்பார். ஆசாமிக்கு இதே புத்திதான் எங்கேயும். கதவு எண் போடாத பத்திரிகை என்று முதலாளி மகள் கல்யாணத்துக்கே போகவில்லை!

"ஊர்ல எவனும் இதைப் பண்றதில்லை சார், நமக்கு மட்டும் எதுக்கு?" என்றேன் ஒருநாள்.

"எவனும் அடைக்கலைன்னு உன் வயல்ல உப்புத்தண்ணி ஏற விடுவியா? அடைக்கணும் தம்பி. அடைச்சவன் திறக்கவும் மறக்கக் கூடாது."

அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சொந்த ஊர் பேராவூரணிக்குப் போய்ப் படுக்குமுன் திங்கட்கிழமை வேலையை என்னிடம் ஒப்படைத்தார். நான் அந்தத் திங்கட்கிழமைகளில் மேட்னி ஷோ பார்த்தேன்.

அய்யம்பேட்டை ரஹிமா அக்கா வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கைக்குழந்தையோடு கீழே சென்டருக்கு வருவார். துபாயில் இருக்கும் கணவர் அதே நேரம் அங்கே ஒரு சென்டரில் உட்கார்ந்து, குழந்தையை கேமராவில் பார்ப்பார். திடீரென்று மூன்று வெள்ளிக்கிழமை லைன் கிடைக்கவில்லை.

"தம்பி, அவங்க போன் போட்டுச் சத்தம் போடறாங்க. 'நான் காத்துக் கிடக்கேன், நீ சென்டருக்கே வர்றதில்லை, எங்க சுத்தறே?'ங்கறாங்க. உங்க லைன்ல கோளாறா, பாத்துச் சொல்லுங்களேன்."

பார்க்கக்கூட இல்லை நான். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா. அவர்தான் வரலை போலிருக்கு."

அக்கா குழந்தைக்குப் போட்டிருந்த புதுத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் தாசில்தார் மஞ்சள் கண்ணோடு திரும்பி வந்தார். ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தார். துபாய் சென்டருக்குப் புதிதாகப் பட்டா ஆன விலாசங்கள், எங்கள் லிஸ்டில் இன்னும் புறம்போக்காகவே கிடந்தன. அந்த வரியை அழித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி படியேறி வந்தார். அக்காவின் மாமனார் கீழே கத்திவிட்டுப் போயிருந்தார்.

"எவன்யா அடைச்சது?"

தாசில்தார் என்னை ஒருமுறை பார்த்தார். நான் மானிட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"நான்தான் சார்."

"மொத்த லிஸ்டையும் தூக்கு. இல்லைன்னா நீ கிளம்பு."

"லிஸ்ட் தப்பில்லை சார். வாராவாரம் பாத்துக்க ஒழுங்கா ஒரு ஆள் இருந்தாப் போதும்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கொழுக்கட்டையை அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். தாசில்தார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் வருஷக்கணக்கில் கட்டிக் காத்த லிஸ்டை முதலாளி சொன்னபடி ஒரே நிமிஷத்தில் அழித்தவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை அக்கா பேசி முடித்துவிட்டு மாடிக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு டப்பா அல்வா.

"அவங்க மன்னிப்புக் கேட்டாங்க தம்பி. நீங்கதானே சரி பண்ணீங்க?"

"ஆமாக்கா" என்றேன்.

பேராவூரணிக்கு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். போகவில்லை. அல்வாவை முழுசாகத் தின்றேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், கம்பெனியும் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு நான் எழுதும் இந்தப் பக்கம்தான் மிச்சம்.

தாசில்தார் சார், அந்த அல்வா உங்களுக்கு வந்தது.