மில் தெருப் பள்ளிக் கூரையில் குடியிருப்பவர்கள்

ஓக்தோர்ப் வார இதழின் ஆசிரியர் திருமதி வின்டர்பாட்டம் அவர்கள் சமூகத்துக்கு, கால்வாய்ப் பாலத்தருகே டயர் கடையில் வேலை பார்க்கும் கீத் ஆக்ராய்ட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் காரின் முன்சக்கரம் சுகமாக இல்லை என்பது எங்கள் கடை முனையில் நீங்கள் திரும்பியபோதே தெரிந்தது. ஒருநாள் கொண்டு வாருங்கள். கால்பந்து மைதானத்து நாய் அசிங்கம் பற்றி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடாததில் எனக்கு வருத்தமே இல்லை. கொஞ்சம் உண்டு. ஆனால் இது நாய் விஷயம் அல்ல, வௌவால் விஷயம். கவுன்சில் கூட்டத்துக்கு முன்பே, முதல் பக்கத்தில், என் பெயரோடு போட்டுவிட வேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளவும். நானும் மில் தெருத் தொடக்கப் பள்ளியில் படித்தவன்தான். டீச்சர் இலக்கணம் ஆரம்பித்தாலே கூரை ஒழுகும்; ஒழுகும் இடம் பார்த்து வாளியை நகர்த்துவது என் பொறுப்பு. ஆகவே வாளியைப் பற்றி எனக்கு முழுசாகத் தெரியும், இலக்கணம் பாதிதான்.

இப்போது அதே கூரைக்குக் கீழேதான் என் மகள் ஹெட்டியும் படிக்கிறாள். எட்டு வயது. என்னைவிடக் கெட்டிக்காரி, அது பெரிய விஷயமில்லை என்று என் மனைவி ஜனீன் சொல்வாள். ஹெட்டிக்குச் சத்தம்தான் ஆகாது. நமக்கு மணி அடிக்கிறது என்றால், அவளுக்குக் காதுக்குள் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்குமாம். பள்ளி மணி அடித்ததும் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள், நான் போய்ப் பக்கத்தில் படுத்துப் பேச்சுக் கொடுத்துத்தான் கூட்டிவர வேண்டும். என் உடம்புக்கு அந்த மேஜை போதாது என்பது வேறு கதை. அவள் ஒதுங்க ஒரு சின்ன அறை வேண்டும் என்று பள்ளி கேட்டது. இல்லை, செப்டம்பரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வேறு ஊர்ச் சிறப்புப் பள்ளிக்கு டாக்ஸியில் போகட்டும் என்றது கவுன்சில். ஹெட்டியோ, மேபல் இல்லாத பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்கிறாள். மேபல் அவளுடைய சிநேகிதி. ஒரே ஒரு சிநேகிதி. கவுன்சிலில் திரு. பிம் என்பவருக்கு போன் போட்டேன்.

“ஒரு சின்ன ரூம்தாங்க. ஒரு கதவு, கீழே ஒரு கம்பளம், அவ்வளவுதான்.”

“ரூம்னா அது கட்டட உண்டியல், மிஸ்டர் ஆக்ராய்ட். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி உண்டியல். நான் சிறப்புத் தேவை உண்டியல்.”

“அப்ப கட்டடத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“அவங்க கூரைக்குத்தான் தருவாங்க. கூரைக்குக் கீழே இருக்கிறவங்களுக்குத் தரமாட்டாங்க.”

“டாக்ஸிக்கு மட்டும் பணம் எங்கிருந்து வருது?”

“அது போக்குவரத்து உண்டியல். அதுல எப்பவும் இருக்கும்” என்றார், தானே குலுக்கிப் பார்த்த மாதிரி.

கோபம் வரவில்லை, அம்மா. ஆச்சரியமாகத்தான் இருந்தது. இத்தனை உண்டியலையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பார்களா, அவை ராத்திரியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதா என்றெல்லாம் கழற்றிய டயரை மாட்ட மறந்து யோசித்தேன்.

அப்புறம் மே மாதம் கட்டட உண்டியல் திறந்தது. நான் வாளி வைத்த அதே ஓட்டையை அடைக்க ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் ஹெட்டி போய், “மேலே கீச்சு கீச்சுன்னு கேக்குதே, ஓட்டைப் பிரிச்சா அது எங்கே போகும்?” என்று கேட்டிருக்கிறாள்.

“என்ன கீச்சு, கண்ணு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“கேக்குது. இப்பக்கூட.”

அவ்வளவுதான். “டேய், எல்லாரும் இறங்குங்கடா! வௌவால்டா! பெரியவங்க காதுக்குக் கேக்காது, பிள்ளைங்களுக்குத்தான் கேக்கும். சட்டப்படி வௌவால் கூட்டுல கைவெச்சோம், கோர்ட்டுதான்!” என்று அவர் கத்த, ஆட்கள் இறங்கி, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். இந்த ஊரில் தேநீரை விட்டுவிட்டு ஒரு வேலைக்காரன் போனதை நான் பார்த்ததே இல்லை.

இனிதான் கவனியுங்கள். ஹெட்டியைப் பார்க்க ஒரு நிபுணர் வேண்டும் என்று இரண்டு வருஷமாக வரிசையில் நிற்கிறோம். வௌவாலைப் பார்க்க நிபுணர் அந்த வாரமே வந்துவிட்டார். உர்சுலா என்று பெயர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மடக்கு நாற்காலி, காதுக்குக் கேட்காததைக் கேட்கிற ஒரு கருவி. குட்டி போடுகிற காலமாம். ஆகவே ஆராய்ந்து முடிக்கும்வரை கூரையில் வேலை கூடாது, மணி கூடாது, கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் கூடாது, கூடத்தில் கூச்சல் கூடாது. நான் இரண்டு வருஷமாகக் கெஞ்சிய அத்தனையும், அம்மா, ஒரே மத்தியானத்தில்! இதற்கு எந்த உண்டியல் என்று பிம்மிடம் கேட்டேன். “வனவிலங்கு உண்டியல்” என்றார். குரலில் ஒரு பக்தி.

இப்போது இடைவேளைக்கு, மணிக்குப் பதில், தலைமையாசிரியை வாசலில் நின்று பச்சை மேஜைவிரிப்பை ஆட்டுகிறார். வௌவால் குட்டிகள் தூங்குகின்றன என்று பள்ளிக்கூடமே நுனிக்காலில் நடக்கிறது. வாயாடிப் பயல்கள்கூடக் கிசுகிசுக்கிறார்கள். ஹெட்டி மேஜைக்கு அடியில் போகவே இல்லை. சாயங்காலம்வரை முழு நாளும் இருக்கிறாள். கூட்டிவரப் போன ஜனீன் “ஹெட்டி!” என்று கூப்பிட, மேபலின் கையைப் பிடித்தபடி வந்தவள், “ஷ்ஷ், அம்மா! இது ஸ்கூல்” என்று அதட்டினாளாம். ஜனீன் காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மூக்கு ஒழுகுகிறது, பூந்தூள் ஒவ்வாமை என்றாள்.

ஆகவே நான் கவுன்சிலைக் கேட்பது இதுதான். வௌவாலுக்குச் செய்ய முடிந்ததைப் பிள்ளைக்கு ஏன் செய்ய முடியாது? பிள்ளைகளும் தலைகீழாகத் தொங்கினால்தான் தருவீர்களா? (இதைத் தடித்த எழுத்தில் போடவும்.) ஓக்தோர்ப் மக்கள் அனைவரும் படித்து யோசிக்கட்டும்.

தங்களுக்கும், அச்சுக்கூடத்தாருக்கும், பூனைக்கும் எங்கள் வீட்டார் அன்பைச் சொல்லவும். தங்கள் நான்கு சக்கரமும் ஒரே பக்கம் போகட்டும் என்று வாழ்த்தும்,

கீத் ஆக்ராய்ட்

பின்குறிப்பு: அம்மா, தயவுசெய்து இதைப் போடாதீர்கள். ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். இன்று உர்சுலா அம்மா கடைசி முறையாக வந்தார். கருவியில் ஒன்றும் விழவில்லை. ஹெட்டியைக் கூப்பிட்டு, “எங்கேம்மா கேக்குது?” என்றார். இவள் நேராகக் கூரை உச்சியில் காற்றுக்குச் சுற்றுகிற துருப்பிடித்த தகரக் குடையைக் காட்டினாள். “அதுதான். கீச்சு.”

“ஏண்டி, வௌவால்னு சொன்னியே!” என்றேன்.

“நான் கீச்சுன்னுதான் சொன்னேன். வௌவால்னு ஏணிக்காரர் சொன்னார்.”

ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. திங்கட்கிழமை மணி அடிக்கும், செப்டம்பரில் டாக்ஸி வரும். மேஜை, டாக்ஸி, கதவு, கம்பளம் என்று அத்தனையையும் உர்சுலா அம்மாவிடம் கொட்டிவிட்டேன். உர்சுலா அம்மா ஹெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் எதிரிலேயே பிம்முக்கு போன் போட்டார்.

“ஆமாம், இருக்கு. பார்த்துட்டேன். சத்தத்துக்கு ரொம்பக் கூசுற உயிர்... எத்தனையா? ஒண்ணுதான். ஆனா ஒண்ணா இருந்தாலும் விரட்டக் கூடாது இல்லையா?... இல்லை, இது இடம் மாத்தினா தாங்காது. உள்ளேயே ஒரு அமைதியான இடம் கட்டிக் கொடுத்துடுங்க. சின்னதா போதும். ஒரு கதவு, கீழே ஒரு கம்பளம்.”

கம்பளம் எதற்கு என்று பிம் கேட்கவில்லை. நாய்க் கடிதத்தைப் போடவும்.