போனில் போய்ச் சேர்ந்த சித்தப்பா

தன் சாவுச் செய்தியைத் தானே போனில் கேட்டுவிட்டு, "சரிங்க சார், தேங்க்ஸ்" என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பொழிச்சலூரில் எங்கள் தெருவில் இருக்கிறார்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் சித்தப்பா. ஏதோ கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, மனைவி காலமானபின் தனியாக இருந்தவருக்கு ஒரு சீரியலில் வேடம் கிடைத்தது. கதாநாயகனின் சித்தப்பா. கூட்டுக்குடும்பத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, முன்வரிசை அதிர்ச்சி அடையும்போது தானும் அடைய வேண்டும். மாமியார் முகத்துக்கு மூன்று தடவை பாயும் கேமரா, இவர் தோளோடு திரும்பிவிடும். பேசியது ஒரே வசனம்: "அண்ணி, வண்டி வந்துடுச்சு." அதை மொட்டை மாடியில் விதவிதமாகப் பயிற்சி செய்ததில், எந்த வண்டி வந்தது என்று தெருவே எட்டிப் பார்த்தது.

ஒருநாள் தயாரிப்பு மேனேஜர் போன் செய்தார்.

"சார், நாளையிலேருந்து வர வேணாம். நீங்க இறந்துட்டீங்க."

"சரிங்க சார், தேங்க்ஸ்" என்று வைத்தவர், பிறகுதான் யோசித்துத் திரும்ப அழைத்தார். "சாகறதுக்காவது நான் வரணுமே சார்?"

"வேணாம் சார். போன்ல நியூஸ் வர மாதிரி முடிச்சுக்கறோம். ஒரு நல்ல போட்டோ மட்டும் அனுப்புங்க."

நல்ல போட்டோவுக்கு எங்கே போவது? வீட்டுக் கல்யாண ஆல்பங்களிலும் மனிதர் கடைசி வரிசைதான். கடைசியில் என்னிடம் வந்தார். நானோ தாம்பரம் ஆபீசிலிருந்து ரயிலில் நின்று, ஷேர் ஆட்டோவில் தொங்கி, அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தேன். மறுக்கத் தெம்பில்லாமல் மாடிக்குப் போனேன். தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா பல் தெரியச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க சார். மாலை போடப் போற போட்டோ."

"உயிரோட இருந்தப்ப எடுத்ததுதானே சார்?"

சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தேன்.

செய்தி தெருவில் பரவியது. கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டே கேட்டாள்.

"இன்னா சித்தப்பா, செத்துட்டியாமே? எப்டி?"

"ஹார்ட் அட்டாக்னு நெனைக்கிறேன்மா."

"நெனைக்கிறியா? நல்லா கேட்டுக்கினு வந்து சொல்லுய்யா!"

அவர் சாகும் நாளன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாகப் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறதாம். சலவைச் சட்டை போட்டிருந்தார். "பழைய காட்சியெல்லாம் கொஞ்சம் காட்டுவாங்க. ஃபிளாஷ்பேக் வெப்பாங்க" என்று என் மனைவியிடம் நம்பிக்கையோடு சொன்னார். அவள் அந்த சீரியலைத் தினமும் பார்த்துத் தினமும் திட்டுகிறவள்.

போன் அடித்தது. கதாநாயகி எடுத்தாள். "என்னது, சித்தப்பா போயிட்டாரா?" உடனே சுவரில் போட்டோ, மாலை, அதே பல். மாமியார் வந்தாள். "அதையே நெனச்சிக்கிட்டு இருக்க முடியுமா? நிச்சயதார்த்தத்துக்கு ஆளுங்க வந்துடுவாங்க. போய்ப் புடவை மாத்து." கதாநாயகி போய் மாற்றினாள். துணி சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

சித்தப்பா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் முடிந்தால் மிச்சம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. விளம்பரம் முடிந்தது. நிச்சயதார்த்தம் வந்தது.

திடீரென்று ஒரு விம்மல். என் மனைவி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

சித்தப்பா பதறிப்போனார். "அம்மா, அம்மா, நான் இங்கதான் இருக்கேன். இதோ பாருங்க."

"தெரியுது சார்" என்றாள் அவள். "ஆனா அத்தனை பேர் இருந்தாங்களே, ஒருத்தர்கூட அழலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

மனைவி எழுந்துபோய் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். மறுக்காமல் சாப்பிட்டார்.

"வரேன் சார்" என்று கிளம்பினார். காலெல்லாம் எனக்குக் கடுத்துக்கொண்டிருந்தது. அவர் வீடு அதே தெருவில், நாலு வீடு தள்ளித்தான். இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் கதவைத் திறந்து விளக்கைப் போடும்வரை கூடவே போய் நின்றுவிட்டு வந்தேன்.