கேமராவை இடித்தது யார்?

உலகத்தில் மின்விசிறியைப் பரம எதிரியாக நினைத்த ஒரே மனிதன் எங்கள் ‘ஆடாதே’தான். அதுவும் மே மாதத்துச் சிதம்பரத்தில்!

என்னோடு மண் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தவன். கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். கண்ணாடிப் பெட்டியில் மணலை நிரப்பி, மேலே ஓர் இரும்புப் பலகையை மெல்ல அழுத்துவான். அதுதான் வீட்டு அஸ்திவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஸ்டாண்டில் இருக்கும் கேமரா விடாமல் படமெடுக்கும். அந்தப் படங்களை ஒப்பிட்டு, எந்த இடத்து மணல் எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். கேமரா மயிரிழை அசைந்தாலும் மணல் அசைந்ததாகக் கணக்கு. அதனால் ஃபேன் கிடையாது, தும்மல் கிடையாது. யார் உள்ளே வந்தாலும் ‘ஆடாதே’ என்பான்; அதுவே அவன் பெயராகிவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போய் அதிர்வு அடங்கியபிறகுதான் சோதனையே.

ஒருநாள் துறைத் தலைவரையே வாசலில் மறித்தான்.

“சார், ரெண்டு நிமிஷம் நடக்காதீங்க.”

“நான் யாருன்னு தெரியுதாய்யா?”

“தெரியுது சார். அதான் பயமா இருக்கு. வெயிட்டு ஜாஸ்தி.”

தூக்கிய காலை இறக்காமலே நின்றார் மனிதர்.

கடைசிச் சோதனை வந்தது. அது முடிந்து ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் புதுச்சேரியில் ஒரு கல்லூரி வேலை அவனுக்கு. சேர வேண்டிய தேதிகூடச் சொல்லிவிட்டார்கள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். படம் எப்படி விழுகிறது என்று பார்க்கிற அவசரம் எனக்கு. எட்டிப் பார்க்கப்போய் ஸ்டாண்டின் காலை உதைத்துவிட்டேன். அவன் கண் பலகைமேல் இருந்தது. சத்தமில்லாமல் நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் மணல் மொத்தமும் ஒரே பக்கமாக ஓடியிருந்தது. கூடவே பெட்டியின் இரும்புச் சட்டமும்.

“மச்சான், இரும்பு ஓடுமாடா?” என்றான். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

எங்கள் கைடு கத்தினார். “எவன்யா கேமராவ இடிச்சது?”

“நான்தான் சார். கால் பட்டுடுச்சு” என்றான் ஆடாதே.

“ஆடாதேவே ஆடிட்டான்டா!” என்று துறையே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

மணலைக் கழுவி, காயவைத்து, சலித்து, மறுபடி நிரப்பிச் சோதனையை முடிப்பதற்குள் புதுச்சேரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது கடலூரில், வீடு கட்டுகிறவர்களுக்கு மண் பரிசோதனை செய்து கொடுக்கிறான்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மூன்று முறை பஸ் ஏறிப் போனேன். மூன்று முறையும் துறைமுகத்திலிருந்து மீன் வாங்கிவந்து வறுத்தான்.

“மொதல்ல சாப்புடு மச்சான், அப்புறம் பேசலாம்” என்று முள்ளெடுத்து என் தட்டில் வைக்கிறவனிடம் எப்படி ஆரம்பிப்பது? மூன்று முறையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.