வடக்குக் கோலில் ஏழு ஜின்கள்

வெள்ளிக்கிழமை தும்யாத் நகரமே நைல் கரை மைதானத்தில் கூடிவிட்டது. ஆட்டம் பார்க்க அல்ல, ஜின் பார்க்க! உள்ளூர் நஜ்ம் கால்பந்து அணி வடக்குக் கோலில் பெனால்டி மேல் பெனால்டியாகக் கோட்டைவிட்டு வந்தது. முன்கள வீரரின் தொந்தியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பார்க்காதவர்களுக்காக, ஜின் ஓட்டுகிற ஷேக் மெத்வல்லி வந்து சேர்ந்தார்.

"இந்த மண்ணுக்குக் கீழ ஜின் குடும்பமே குடியிருக்கு. இடத்தை மாத்துங்க, கோப்பை தானா வரும்!"

கிளப் தலைவர் ஹாஜி ஷவ்கி உருகிப்போனார். இந்த மைதானத்தை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே மணற்காட்டில் பெரிதாகக் கட்டலாம் என்றார். அந்த மணற்காடு அவருடைய மைத்துனருடையது என்பதை ஜின்கள் அவருக்குச் சொல்லவில்லை போலும். உறுப்பினர்கள் இன்றே கைதூக்கி முடிவு செய்யவேண்டும்.

ஊரார் டாக்டரம்மா என்று கூப்பிடும் மருந்துக்கடை நவாராவுக்கு வயிறு எரிந்தது. வீட்டுச் செருப்போடு நடந்துவந்து ஆட்டம் பார்க்கிற சனம் அந்தக் காட்டுக்கு எதில் ஏறிப் போகும்?

காலையில் அவள், ஷேக்கே கதியென்று கிடந்த மீன்கடை ருஷ்தியை அவனுடைய மூன்றுசக்கர வண்டியோடு எங்கோ அழைத்துப் போயிருந்தாள். திரும்பியதிலிருந்து அவன் ஷேக்கின் பக்கமே போகவில்லை.

நவாரா மேடையேறித் தகர டப்பாவை நீட்டினாள்.

"மௌலானா, மண்ணு கொண்டுவந்திருக்கேன். ஜின் இருக்கான்னு பாருங்க."

எங்கே எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. ஒரு புல்வேர்கூட இல்லாத வெறும் மணல் என்பதையும் பார்க்கவில்லை. சட்டைக்கைக்குள் விரல் விட்டார், முணுமுணுத்தார், தண்ணீர் தெளித்தார். குபுகுபுவென்று புகை!

"ஏழு ஜின்! ஏழும் வடக்குக் கோலுக்கு அடியில!"

கூட்டம் அலறியது. ஹாஜி கை தூக்கினார். பாதி ஊர் கை தூக்கியது.

"ருஷ்தி, இதை எங்க தோண்டினீங்க?" என்று நவாரா கேட்டாள்.

ருஷ்தி முன்னால் வந்தான். "தலைவரோட மச்சான் நிலத்துல, டாக்டரம்மா. புது மைதானம் வரப்போற இடம். என் கையாலதான் தோண்டினேன்."

ஷேக் சட்டென்று சுதாரித்தார். "ஜின்னுங்க நமக்கு முன்னாடியே அங்க குடிபோயிடுச்சு!"

"அப்ப இந்த இடம் காலிதானே மௌலானா? நாங்க இங்கயே ஆடிக்கிறோம்!" என்று ருஷ்தி கத்தினான்.

மைதானமே சிரித்தது. நவாரா ஷேக்கின் சட்டைக்கையைப் பிடித்து உதறினாள். பொடிப் பொட்டலம் ஒன்று கீழே விழுந்தது.

"இது என் கடையிலயே கிடைக்கும். ஜின்னெல்லாம் வேண்டாம், டாக்டர் சீட்டு கொண்டுவந்தாப் போதும்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஹாஜியின் கைதான் கடைசி.

நவாரா கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை. "ஜின் உங்க கோலைத் திருடல. மைதானத்தைத் திருட வந்தவருக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தது நாமதான். இனிமே கையைத் தூக்கறதுக்கு முன்னாடி, மண்ணு யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க!"