தோங் அங்கிள் உட்கார்ந்து பார்த்த தொட்டி

கோலா சிலாங்கூரில் குப்பைத்தொட்டி வாங்குமுன் அதற்குள் இறங்கி, மூடியையும் மூடிக்கொண்டு பார்த்த ஒரே மனிதர் எங்கள் தாமானின், அதாவது எங்கள் குடியிருப்பின், தோங் அங்கிள்தான். தொட்டிக்கு மலாயில் தோங். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

விளையாட்டுத் திடலுக்கும் அதை ஒட்டிய கோயிலுக்கும் பொதுவாக ஒரு தொட்டி வாங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கடைக்கு மகளோடு நானும் போயிருந்தேன். சின்னத் தொட்டியில் ஒரு காலை விட்டு முகம் சுளித்தார். பெரியதில் இறங்கி மறைந்தே போனார். கடை முதலாளியான சீனர் பதறி மூடியைத் தட்டினார்.

"இருங்க லா, தவுக்கே! இன்னும் உக்காந்து முடியல."

"எதுக்கு அங்கிள் இவ்வளவு பெருசு?"

"திருவிழா அன்னதானத்துல எவ்வளவு பொட்டலம் விழும், தெரியுமாம்மா? நான் சம்மணம் போட்டு உக்காந்தா, அந்த அளவு!"

அன்னதானம் வருடத்தில் ஒரு நாள். மற்ற நாள்களில் அந்தத் தொட்டி இரண்டொரு தண்ணீர் போத்தல்களோடு சும்மா நின்றது. போதாததற்கு அங்கிள் அதைக் கழுவிக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார்.

ஒரு நாள் திடலில் கண்ணாமூச்சி ஆடிய என் ஐந்து வயது மகள், பக்கத்துப் பெஞ்சில் ஏறி அதற்குள் இறங்கிவிட்டாள். மூடி விழுந்துவிட்டது. நான் கைப்பேசியில் இருந்தேன். நிமிர்ந்தால் பிள்ளையைக் காணோம். சாலைக்கு ஓடினேன், கால்வாயை எட்டிப் பார்த்தேன், வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கோயிலிலிருந்து ஓடிவந்த அங்கிள் நேராகப் போய் மூடியைத் தூக்கினார்.

உள்ளே வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தவள், "அம்மா, அங்கிள் மாதிரி உக்காந்து பாத்தேன். நெறைய எடம் இருக்கு" என்றாள்.

"வயசானாப் போதுமா? புத்தி வேணாம்?" கோயில் கூட்டத்தின் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தினேன். பிள்ளையைப் பார்க்காமல் போனில் இருந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"என் தப்புதாம்மா" என்றார்.

அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றும் உடம்பே கூசுகிறது.

மறுவாரம் வாசலில் ஒரு லோரி. பல அளவுகளில் தொட்டிகளை இறக்கிவிட்டு, அங்கிள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"பாப்பாவக் கூப்பிடும்மா. அவ தோளு நுழையாத தொட்டியத்தான் வைக்கப்போறேன்."

"அப்போ அன்னதானத்துக்கு?"

"பத்து தோங் வச்சாப் போச்சு லா!"

மகள் ஒவ்வொன்றிலும் முட்டி மோதினாள். ஒரு தொட்டியின் வாயில் தோள் இடித்து நின்றதும் அங்கிள் கைதட்டினார். அன்று கடையில் முகம் சுளித்தாரே, அதே அளவு.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "மீன் கறி இருக்கு அங்கிள், சாப்பிட்டுப் போங்க" என்றுதான் வந்தது.

அவர் இரண்டாம் முறை சோறு கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.