ஐந்து கட்டையில் ஒரு ஃபேன்

டிகிரி அண்ணனைவிடப் பயந்த மனிதர் இந்த உலகத்தில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அந்தப் பயத்திலேயே போய்ச் சேர்ந்திருப்பார்.

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகத் திருவனந்தபுரம் போன புதிதில், வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. ஆபீஸ், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில். அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஹாஸ்டலில் ரசம் என்று ஊற்றியதைக் குடித்த அன்றே மூட்டையைக் கட்டிவிட்டேன். மாடியில் நான். கீழே வீட்டுக்காரர் டிகிரி அண்ணனும் அவர் மனைவி பத்மா அக்காவும்.

முதல் நாள் சாவி வாங்கப் போனபோது, "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"எண்பத்தொண்ணு" என்றார், முகமெல்லாம் வேர்க்க.

வயதைச் சொல்கிறாரா என்று பார்த்தால் ஆளுக்கு நாற்பதுகூட இருக்காது. பக்கத்து வீட்டு மாமா அதை ரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி வெகுநாளாக அவரை வற்புறுத்திக்கொண்டிருந்தார். உண்மையில் அது அவருடைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு. திரையின் மூலையில் சிவப்பாக ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுவார், போன் பேசுவார், தலை துவட்டுவார். தெருவே அவருக்கு டிகிரி என்று பெயர் வைத்துவிட்டது. நிஜப் பெயர் கரன்ட் பில்லில் மட்டும் புழங்கியது.

அவர் தொழில் அப்படி. இன்னும் கட்டாத ஃபிளாட்டுக்குள் நாம் நடந்து போவதுபோலப் படம் தயாரித்து பில்டர்களுக்குக் கொடுப்பார். வெறும் குழி மட்டும் தோண்டியிருக்கிற இடத்தில் நீச்சல் குளமும் அதில் குளிக்கிற வெள்ளைக்காரக் குழந்தையும் வந்துவிடும். அதற்காகக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். ஓடினால் கார்டு சூடாகும். சூடானால் அதன் ஃபேன் சுற்றும். முதலில் கொசு மாதிரி, பிறகு மிக்ஸி மாதிரி, கடைசியில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டில் ஏறுகிற பஸ் மாதிரி.

பத்மா அக்கா பாட்டு டீச்சர். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கூடத்தில் உட்கார்ந்து வகுப்பெடுப்பார். கூடத்துக்கும் அண்ணனின் அறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். விபரீதம் எங்கே என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு நாள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கேட்டியோ, நான் ஸா சொல்லிக் குடுக்கறேன். குழந்தை தம்புராவை விட்டுட்டு இவரோட மிஷினைப் பிடிச்சுண்டு பாடறது. அது ஏறினா இவளும் ஏறறா, அது இறங்கினா இவளும் இறங்கறா. அவ அம்மா வந்து, 'புது ராகமா டீச்சர்?'னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல?"

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது: "சத்தத்தைக் குறைச்சா சூடு ஏறும் பத்மா! எனக்குப் பேடியா இருக்கு!"

பேடி என்றால் மலையாளத்தில் பயம். அந்த வீட்டில் உப்பைவிட அதிகம் செலவான சொல் அதுதான்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேனை வைத்தார். இரண்டு ஃபேன் சத்தமாயிற்று. அதோடு திறந்த வழியாக ஒரு பல்லி உள்ளே போய்ச் சூடாக ஒரு மூலை பார்த்துக் குடியேறியது. அதை வெளியே எடுக்கும்வரை கம்ப்யூட்டரைப் போடவும் பயம், பல்லியைத் தொடவும் பயம். ஒரு பாத்திரத்தில் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார். ஈரம் உள்ளே இறங்கிவிடுமோ என்று பயந்து, உருகிய தண்ணீரைத் தானே ஒற்றை மூச்சில் குடித்துவிட்டு இருமினார். ஒரு வகுப்பின்போது சத்தம் வெளியே வராமலிருக்க ஜமக்காளத்தை எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் போர்த்தினார். தொண்ணூறு தொட்டது. திரை அணைந்தது. அன்று காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்த படமும் அதோடு போயிற்று. மனுஷர் ஜமக்காளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் கொன்னுட்டேன்" என்றார். கம்ப்யூட்டர் ஆறியதும் எழுந்துவிட்டது. இவர் எழுந்திருக்க இரண்டு நாளாயிற்று.

பழவங்காடிப் பிள்ளையாருக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். சூட்டுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. எது எதற்கென்று குழம்பிவிடக் கூடாதே என்று பிள்ளையாரிடம் தனித்தனியாக விளக்கினார், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எனக்கு இந்த விஷயத்தில் தெரிந்தது குறைவு. ஆபீசில் சம்பளப் பட்டியல் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. ஆனால் கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறுகிற எல்லாருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரும் தெரியும் என்பது வலியசாலையின் நம்பிக்கை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தரையில் துணி விரித்து, கம்ப்யூட்டரை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். அண்ணன் குளித்து, விபூதி பூசி வந்திருந்தார்.

காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தியை ஏற்றி முன்பக்கம் காட்டினேன். புகை உள்ளே போனது. பின்பக்கம் காட்டினேன். அங்கேயும் உள்ளேயே போனது.

"என்னண்ணே, பின்னாடி ஃபேன் சூட்டை வெளியே தள்ளணும்லா? இதுவும் உள்ளேதானே ஊதுது?"

"அது... நான்தான் மாட்டினேன்" என்றார், குரல் இறங்கிப்போய்.

திருப்பி மாட்டியிருந்தார். காற்று உள்ளே வர இரண்டு வாசல், வெளியே போக ஒன்றுகூட இல்லை. பாவம், அந்தக் கார்டு தான் விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணன் கண் கலங்கி அதன் தகட்டைத் தடவிக்கொடுத்தார்.

ஃபேனைத் திருப்பினோம். உள்ளே அடைந்திருந்த தூசியை எடுத்தபோது ஒரு சின்னத் தலையணை தைக்கிற அளவுக்கு வந்தது. பிறகு கார்டையே திறந்தோம். சிப்புக்கும் அதன் சூட்டை வாங்குகிற உலோகத்துக்கும் நடுவே தடவியிருந்த பசை, காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைத் துடைத்துப் புதுப் பசை வைக்கவேண்டும். நான் டார்ச் பிடித்தேன். அவர் காய்ந்ததைத் துடைத்துவிட்டு டியூபிலிருந்து வெள்ளைப் பசையைப் பிதுக்கினார்.

"நரம்பு ஒண்ணும் அறுந்துடாதே?"

"அதுக்கு நரம்பு கிடையாதுண்ணே."

"எனக்கு இருக்கே."

காபி கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்து, "பல்லு தேச்சு விடறேளா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் சிரித்தால் கை ஆடும்.

கடைசியாகக் கார்டுக்குப் போகிற வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தோம். அப்படிச் செய்தால் வேகம் பெரிதாகக் குறையாது, சூடு நன்றாகக் குறையும் என்று படித்திருந்தேன். அண்ணனுக்கு மனசே இல்லை. "வேலை வாங்கிண்டு பட்டினி போடறோமோடா?" என்று கேட்டுக்கொண்டே குறைத்தார். எண் எழுபத்தைந்தில் வந்து நின்றது. அண்ணன் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தார். மாமா, "உப்பைக் குறைச்ச பலனைப் பாத்தாயோ?" என்றாராம்.

சூடு அடங்கியது. சத்தமும் பஸ்ஸிலிருந்து மிக்ஸிக்கு இறங்கியது. ஆனால் ஒரு வியாதி தீரவில்லை. சூடு ஒரு புள்ளி ஏறினால் ஃபேன் விரட்டும், ஒரு புள்ளி இறங்கினால் சோம்பும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வீட்டில் யாரோ பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது போலிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. அங்கே சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே டீச்சராகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு மாதிரி வகுப்பு, பெற்றோர் எல்லாரும் கேட்பார்கள், பிடித்தால் வேலை அக்காவுக்கு. வேறு இரண்டு டீச்சர்களையும் கேட்கிறார்களாம். அதே சனிக்கிழமை உச்சிக்குள் அண்ணன் ஒரு பில்டருக்குப் படம் கொடுத்தாகவேண்டும். அடிக்கல் விழாவில் பெரிய திரையில் போடப்போகிறார்கள். தவறினால் அந்த ஆள் இனி இந்தப் பக்கமே வரமாட்டார். ஜமக்காளத்தோடு போன படமும் அவருடையதுதான்.

சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கியபோது, மழைக்கு முந்தைய புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டியது. அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணன் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். படம் பாதி ஓடியிருந்தது. ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்திடட்டுமா பத்மா? உன் கிளாஸ் முடிஞ்சப்புறம் போடறேன்."

"அப்புறம் போட்டா உச்சிக்குள்ள முடியுமா?"

"முடியாது."

அக்கா கண்ணை மூடி ஃபேன் சத்தத்தைக் கேட்டார். "அது கத்தறது பெரிய காரியம் இல்லை, கேட்டேளா? ஏறி ஏறி இறங்கறதே, அதான் என்னைக் கொல்றது. ஒரே இடத்துல நிக்கச் சொல்லுங்கோ. அதுவும் என் ஸ்ருதியில நிக்கச் சொல்லுங்கோ."

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஃபேன் வேகத்தைத் தானாக மாறவிடாமல் ஒரே அளவில் நிறுத்த முடியும். வேகம் நின்றால் சத்தத்தின் சுரமும் நிற்கும். அண்ணன் மவுஸைப் பிடித்தார். அக்கா தம்புரா ஆப்பைத் தன் ஸ்ருதியான ஐந்து கட்டையில் வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இறக்குங்கோ. இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ, ஜாஸ்தி! ஏத்துங்கோ. ஒரு நூல்... அவ்ளோதான்! கையை எடுங்கோ!"

கையை எடுத்தார். ஃபேனும் தம்புராவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, வீடு முழுக்க ஒரே ரீங்காரமாக நின்றது. என் கை ரோமம் எழுந்துகொண்டது. ஆனால் அண்ணன் பார்த்தது திரையின் மூலையை மட்டும். ஐந்து கட்டைக்காக ஃபேனை நன்றாகவே மெதுவாக்கியிருந்தோம். எண் ஏறத் தொடங்கியிருந்தது.

கூடத்தில் வணக்கங்கள் கேட்டன. அக்கா பாட ஆரம்பித்தார். எழுபத்தெட்டு. எண்பது. குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தன. எண்பத்திரண்டு. எண்பத்துமூன்றைத் தாண்டினால் ஆபத்து என்பது அவர் எங்கிருந்தோ பிடித்துவைத்த கணக்கு. தாண்டியது. அவர் கை மவுஸுக்குப் போயிற்று. ஃபேனைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், கார்டு பிழைக்கும், கூடத்தில் ஸ்ருதி விழும். ஏற்றாவிட்டால் மறுபடி திரை அணையலாம், படம் போகலாம், பில்டரும் போகலாம்.

"அண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்தார். எண்பத்தைந்து. எண்பத்தாறு. உதடு வெளுத்திருந்தது. கண் எண்ணை விட்டு அசையவில்லை. "போனாப் போறது" என்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். எண்பத்தேழு. அங்கே வந்து எண் தயங்கியது. எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தாறு என்று ஆடியது. மேலே போகவில்லை. நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

வகுப்பு முடிகிற நேரத்தில் லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது: "டீச்சர், பின்னாடி ஒரு ஸ்ருதி வருதே, ரொம்ப நிறைவா இருக்கு. அது என்ன தம்புரா? எங்களுக்கும் ஒண்ணு வாங்கணும்."

அக்கா சொன்னார்: "அது எங்காத்துக்காரர். அவர்தான் ஸ்ருதி போடறார்."

திரைக்கு இந்தப் பக்கம் டிகிரி அண்ணன் தொடைக்கடியில் கை சிக்கிக்கொண்டதால் கண்ணைத் துடைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் மூடிய சத்தம் கேட்டதும் பாய்ந்து ஃபேனை முழு வேகத்துக்குத் தள்ளினார். அது அலறிய அலறலில் தெரு நாய் ஒன்று பதில் கொடுத்தது. படம் உச்சிக்கு முன்னால் பில்டருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாக்காரர்கள் அன்று மாலையே சம்மதம் சொன்னார்கள். அண்ணன் சந்தோஷப்படவே நேரமில்லாமல், வருகிற மழைக்குச் சுவரில் ஈரம் ஏறி ஸ்விட்ச் போர்டில் இறங்குமே என்று அடுத்த கவலையைத் தொடங்கியிருந்தார்.

பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. கிளம்பிய அன்று ரயில் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "ஏறிட்டயா? பையைக் காலுக்கடியில வெச்சுக்கோ. ஜன்னல்ல கையை நீட்டாதே." பாறசாலையில் மறுபடி. நாகர்கோவிலில் மறுபடி. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்கு எத்தனையோ ரயில்களில் போய்விட்டேன். நான் போய்ச் சேர்வேனா என்று அவ்வளவு பயப்பட இன்னொரு மனிதர் எனக்குக் கிடைக்கவில்லை.