சுவரில் ஓடிய சேணாறு

சேணாறு பிறந்த அன்று ரூமில் இருந்தவர்கள் மூன்று பேர். நல்லம்பள்ளி குமார், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து படித்த அண்ணாமலை, மூன்றாவது ஆயக்கட்டு. நான் இல்லை, சித்தப்பா மகள் வளைகாப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். ஹவுஸ் ஓனர் பாயும் இல்லை. அவர் மட்டும் அன்றைக்கு எட்டிப் பார்த்திருந்தால் அந்த ஆறு ஓரடிகூட ஓடியிருக்காது.

தண்ணீர் இல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆறு வந்ததால் ரூமைவிட்டுப் போனவர், எனக்குத் தெரிந்து, ஆயக்கட்டு ஒருவர்தான். அதுவும் பூமியிலேயே இல்லாத ஆறு.

ஆயக்கட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஏரியூர்ப் பக்கத்துக்காரர். எங்களைவிட எட்டு வயது மூத்தவர். அரசு வேலைக்கான குரூப் தேர்வுகளை எங்களுக்கு முன்பே எழுதத் தொடங்கியவர். எங்களுக்குப் பிறகும் எழுதிக்கொண்டிருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதிலைப் பாசனத்தில் கொண்டுபோய் விடுவார். கோச்சிங் சென்டரில் மாஸ்டர் ஒரு நாள் குப்தர் காலத்துப் பொற்காசுகளைப் பற்றிக் கேட்க, இவர் எழுந்து நின்று, அந்தக் காசையெல்லாம் உருக்கி விற்றால் எத்தனை ஏக்கருக்கு வாய்க்கால் வெட்டியிருக்கலாம் என்று திருப்பிக் கேட்டார். பாசனம் பெறுகிற நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். அன்று மதியச் சோற்றுக்கு முன்பே அது அவர் பெயராகிவிட்டது. அவருடைய சொந்த நிலத்தில் மழையைத் தவிர வேறெதுவும் பாய்ந்ததில்லை. மழையும் யோசித்துத்தான் வரும்.

எங்கள் ரூம் ஒரு மாடி ரூம். கல்யாணமாகாத நான்கு தடிப்பசங்களுக்கு தர்மபுரியில் யாரும் வீடு தருவதில்லை. பாய் தந்தார். கடைவீதியில் பைப், மோட்டார், டேப் எல்லாம் விற்கிற கடை அவருடையது. ஊருக்கே ஒழுகாத பைப் விற்றவரின் சொந்த வீட்டு மாடித் தொட்டி மட்டும் ஒழுகியது. அதை அவரிடம் சொல்ல வேண்டியது வாடகைக்கு இருக்கிறவர்களின் கடமை. நாங்கள் சொல்லவில்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

எனக்கு அந்த ரூம் சாதாரண ரூம் இல்லை. எங்கள் வீட்டில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்த முதல் ஆள் நான். தேர்வு முடியும்வரை டவுனில் இருந்து படிக்கட்டும் என்று அப்பா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ரூம் போனால் மறுநாளே என்னைப் பெங்களூரில் அண்ணனோடு சென்ட்ரிங் வேலைக்கு அனுப்பிவிடுவதாகத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் பஸ் டிக்கெட்டோடுதான் சொல்வார்.

வளைகாப்புச் சோறு செரிப்பதற்குள் திரும்பி வந்து பார்க்கிறேன், சமையல் மூலைக்கு மேலே, கூரையும் சுவரும் சேருகிற இடத்திலிருந்து ஒரு ஈரக்கோடு வளைந்து இறங்கியிருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் நீலச் சாக்பீஸால் கரை. அடுப்புப் புகை படிந்த கறுப்பு மலைத்தொடராகிவிட்டது. ஆயக்கட்டு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஓனர்கிட்ட சொல்லிடலாங்கண்ணா. தொட்டி ஒழுவுது" என்றேன்.

"ஒழுவலடா. உற்பத்தியாவுது."

அந்த ஆற்றின் பெயர் சேணாறு. அது ஓடுகிற உலகத்தில் இரண்டு நிலா. இரண்டும் ஒரே ராத்திரியில் முழுசாக உதித்தால் ஆறு பின்னோக்கி ஓடி, மலை மேல் இருக்கிறவர்களுக்குக் கடல் மீன் கிடைக்கும். நடுவில் ஈரநகரம் என்று ஒரு தலைநகரம். அதை ஆண்டவர்கள் தும்பிச்சன் வம்சத்தார். முதலாம் தும்பிச்சன் ஆற்றைக் கண்டுபிடித்தார். இரண்டாம் தும்பிச்சன் அணை கட்டினார். மூன்றாம் தும்பிச்சன், அப்பாவும் தாத்தாவும் செய்ததற்கெல்லாம் மறுபடி ரிப்பன் வெட்டினார். தண்ணீரைப் பங்கு பிரிக்க ஒரு தீர்ப்பாயம் உண்டு. முந்நூறு வருஷமாகத் தீர்ப்பு வரவில்லை. கற்பனை உலகத்தில் இதையாவது கொஞ்சம் வேகமாக நடத்தக் கூடாதா என்று கேட்டேன். நம்பும்படி இருக்க வேண்டும் என்றார்.

முதல் வாரம் சிரித்தோம். இரண்டாவது வாரம் ஈரம் ஹாலுக்குள் வந்தது. ஆறு, குமாரின் கட்டிலைத் தாண்டி, அண்ணாமலையின் கட்டிலுக்கு மேலாகப் போயிற்று. ஆயக்கட்டு அணையைக் கொண்டுபோய் குமாரின் தலைமாட்டில் கட்டினார். அண்ணாமலை மலைக்காட்டில் சாமையும் ராகியும் விதைக்கிற குடும்பம். ஆறு கற்பனை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்று சாப்பிடும்போது தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அவன் தலைக்கு மேல அணையக் கட்டிட்டா கீழ இருக்கிற நாங்க என்னாத்துக்கு ஆவறது?"

"உபரித் தண்ணி வரும்டா" என்றான் குமார், மேல் மாநிலத்தின் முதல்வர் போலக் கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

"உபரி யாருக்கு வேணும்? பங்கு குடு."

அதற்குப் பிறகு நான்கு நாள் அண்ணாமலை குமாருக்குக் குக்கர் தரவில்லை. குமார் அண்ணாமலைக்கு பக்கெட் தரவில்லை. பாத்ரூமில் ஓடுகிற நிஜத் தண்ணீருக்குச் சண்டை இல்லை. சுவரில் ஓடாத தண்ணீருக்குத்தான். ஆயக்கட்டு இரண்டு பேரையும் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார். தீர்ப்பாயமும் அவர்தான். வாய்தா கொடுத்தார்.

நான் மட்டும் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசை. கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். பல்நோக்கு ஆற்றுத் திட்டம் ஒன்றை விளக்கச் சொல்லிக் கேள்வி. பேனாவை வைத்ததும் எனக்கு வந்தது இரண்டாம் தும்பிச்சன் அணைதான். நீளம், உயரம், மதகுகள், வெள்ளத்தடுப்பு, மீன்வளம், பின்னோக்கி ஓடும் பருவத்தில் கிடைக்கும் கூடுதல் நன்மை எல்லாம் எழுதினேன். மறுநாள் பத்துக்கு எட்டு மதிப்பெண். மாஸ்டர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, இப்படித்தான் தரவுகளோடு எழுத வேண்டும் என்றார். பக்கத்து மாவட்டத்தில் கண்ணால் பார்த்த அணையைப் பற்றி எழுதிய குமாருக்கு ஐந்து. குமார் அன்று முதல் நிஜத்தை நம்புவதை நிறுத்திவிட்டான்.

ஆறு என்றால் கடலுக்குப் போகத்தான் செய்யும். எங்கள் ரூமில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்விட்ச் பெட்டி இருந்தது. ஒரு சாயங்காலம் ஃபேன் போடப் போன குமார் அப்படியே உதறிக்கொண்டு கட்டிலில் விழுந்தான். கை ஜிவ்வென்று இருக்கிறது என்றான். நானும் அண்ணாமலையும் அவன் கையைத் தேய்த்துவிட்டோம். ஆயக்கட்டு சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்துபோய்க் கழிமுகத்தில் மின்சார மீன்கள் நடமாட்டம் என்று சுவரில் எழுதிவிட்டு வந்தார்.

இனியாவது பாயிடம் சொல்ல வேண்டும் என்று மூவரும் முடிவு செய்தோம். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. தொட்டி ஒழுகுகிறது என்று சொன்னால் அவர் வந்து பார்ப்பார். வந்து பார்த்தால் சுவரைப் பார்ப்பார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். தேர்வுக்கு இன்னும் ஒரே மாதம். எனக்குப் பெங்களூர் பஸ்ஸின் ஹாரன் காதிலேயே கேட்டது.

நாங்கள் சொல்லவில்லை, கரண்ட் பில் சொல்லிவிட்டது. மோட்டார் ஏன் இத்தனை தடவை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு பாய் வருவதாகப் போன் செய்தார். மலைத்தொடரின் மேல் அரசியலமைப்புச் சட்ட சார்ட்டை மாட்டினோம். அணையை லுங்கியால் மூடினோம். ஈரநகரத்துக்கு முன்னால் அண்ணாமலையே நின்றுகொண்டான்.

பாய் உள்ளே வந்ததும் முதல் வேலையாக அரசியலமைப்பைத் தூக்கிப் பார்த்தார். அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பாதி கிழிந்து வந்தது.

"என்னாது இது?"

ஆயக்கட்டுதான் வாய் திறந்தார். "சேணாறுங்க பாய்."

"யார் வேல?"

"உங்க தொட்டிதாங்க ஆத்துக்குத் தலை. நான் கரை மட்டும் போட்டன்."

செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் பாய் அணைக்குக் கீழே குமாரின் கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் கோபமாகத்தான் கேட்டார். அப்புறம் இரண்டு நிலா எதற்கு என்று கேட்டார். அப்புறம் ஆறு பின்னோக்கி ஓடினால் படகுக்காரன் என்ன செய்வான் என்று கேட்டார். குமார் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது, பாய் தும்பிச்சன்களைத் தாண்டி ஈரநகரத்துக்கு வந்துவிட்டார். ரூம் தப்பித்துவிட்டது என்று நாங்கள் மூவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

"இந்த டவுன்ல எத்தன வூடு?"

"நாப்பதாயிரம்ங்க பாய்."

"அத்தினி வூட்டுக்கும் தண்ணி எப்பிடிப் போவுது?"

"மண்ணு வாய்க்கால்லதாங்க."

பாய் சுவரை மேலும் கீழும் பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்தது. "ஒரு பைப் கடைகூட இல்லியா தம்பி?"

குமார் ஆயக்கட்டின் காலை மிதித்தான். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு பைப் கடை. ஒரு சதுரம் போட்டு மேலே ஒரு கோடு. ஒரு சாக்பீஸ் துண்டில் மூன்று பேர் தேர்வு இருந்தது.

"இல்லீங்க பாய். அந்த நாட்டுல இரும்பு கெடையாதுங்க."

"இருக்குதுன்னு போட்டுட்டுப் போயேன். உன் ஆறுதான?"

"ஆறு என்னுதுதாங்க. நடந்தத நான் மாத்த முடியாதுங்களே."

பாய் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். மாசக் கடைசிக்குள் நாலு பேரும் காலி பண்ணுங்கள் என்றார். வாசல்வரை போய்விட்டார். ஆயக்கட்டு பின்னாலேயே போனார்.

"பாய், ஒரு நிமிசம்ங்க. கரையில குடியிருந்தவங்க மேல வெள்ளத்துக்குப் பழி போடாதீங்க. இவனுங்க மூணு பேரும் ஆத்த நிறுத்தச் சொல்லி எங்கிட்ட சண்ட போட்டவனுங்க. பரிச்ச இருக்குது. நான் ஒருத்தன் போறன்."

நிறுத்தச் சொல்லி நாங்கள் சண்டை போடவே இல்லை. பங்கு கேட்டுத்தான் போட்டோம். நடந்ததை மாற்ற முடியாது என்று ஒரு சாக்பீஸ் கோட்டுக்காக முறைத்துக்கொண்டு நின்ற மனிதர், அதே வாயால் எங்கள் வரலாற்றை முழுசாக மாற்றிச் சொன்னார். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு, சரி, இவன் மட்டும் போகட்டும் என்றார்.

மறுநாள் நாங்கள் வகுப்பிலிருந்து திரும்பும்போது அவர் ஏரியூர் பஸ் ஏறியிருந்தார். பையும் பக்கெட்டும் இல்லை. சுவரில் ஒரு மாற்றம். ஈரநகரத்துப் படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. வாசலில் பைப்புகள் அடுக்கி வைத்திருக்கின்றன. கல்லாவில் தொப்பி போட்ட ஒருவர். கீழே பொடி எழுத்தில் விளக்கம்: மூன்றாம் தும்பிச்சன் காலத்தில், ஆறு பின்னோக்கி ஓடிய பருவத்தில், கடல் கடந்து கப்பலில் இரும்பு வந்தது. வரலாறு கெடவில்லை. ராத்திரி பூராவும் உட்கார்ந்து வழி கண்டுபிடித்திருக்கிறார்.

அடுத்த வாரம் பாய் ஆளோடு வந்தார். தொட்டியை அடைத்தார், ஸ்விட்ச் பெட்டியை மாற்றினார். வெள்ளையடிக்கிறவர் பக்கெட்டில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது பாய் அந்தக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார்.

"இது எப்ப வந்துச்சு?"

"மூணாம் தும்பிச்சன் காலத்துலங்க பாய்" என்றான் அண்ணாமலை.

பாய் வெள்ளையடிக்கிறவரை ஆறு இல்லாத சுவர்களுக்கு அனுப்பினார். ஆனால் வியாபாரி வியாபாரிதான். எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இதுக்கும் அடிச்சா எண்ணூறு, அத நானே குடுத்துடறன். அடிக்காம வுட்டா நாளைக்கு வேற ஆள் குடிவர மாட்டான், ஒரு மாச வாடக போயிடும். நீங்க போற அன்னிக்கு அட்வான்ஸுல ஆறாயிரம் புடிச்சிக்குவன். எதுன்னு சொல்லுங்க."

தோசைக்கு முட்டை ஊற்றலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிற ரூம் அது. மின்சார மீனிடம் கடி வாங்கியவன்தான் முதலில் பேசினான்.

"புடிச்சிக்குங்க பாய்."

தேர்வை அந்த ரூமிலிருந்தே எழுதினோம். ரிசல்ட் இன்னும் வரவில்லை, தீர்ப்பாயம் மாதிரிதான். போன மாதம் காலி செய்தோம். பாய் சொன்னபடி ஆறாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஆயக்கட்டின் பங்கு அட்வான்ஸை ஒரு ரூபாய் குறைக்காமல் ஏரியூருக்கு அனுப்பிவிட்டு, நஷ்டத்தை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். எங்கள் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுக்கு இது மலிவுதான்: ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய்.